பின் போர்டு வாங்குமுன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ ஒரு எழுதுபொருள் கடைக்குள் நுழைந்தால் கார்க் போர்டு கண்ணை இழுக்கும். தேன் நிறம், மெல்லிய மரச்சட்டம், கூடவே ஒரு டப்பா வண்ணப் பின். ரவிக்கை டிசைன், கோலம், வீட்டுக்குப் பூசப்போகும் பெயின்ட் நிறம், பரீட்சை அட்டவணை என்று மனசில் ஓடுவதையெல்லாம் ஒரே இடத்தில் குத்திவைத்துப் பார்க்க இதைவிட நல்ல பொருள் கிடையாது என்று தோன்றும். சித்திரையில் வாங்கி மாட்டினால் புரட்டாசி வரை குறையே தெரியாது. ஐப்பசியும் கார்த்திகையும் போய்த் தை பிறக்கும்போது பார்த்தால் போர்டின் நடுப்பகுதி வயிறு தள்ளியிருக்கும். குத்திய படங்களில் பின் இருந்த இடமெல்லாம் காவி நிறப் பொட்டு. கீழ் ஓரத்தில் சாம்பல் பூத்த மாதிரி பூசணம்.

பழி கார்க்கின் மேல் விழுகிறது. உண்மையில் கெட்டுப்போவது கார்க்குக்குப் பின்னால் இருக்கும் பொருள்.

கார்க் என்பது கார்க் ஓக் மரத்தின் பட்டை. உலகின் கார்க்கில் பாதியளவு போர்ச்சுகலில் இருந்துதான் வருகிறது. மரத்தை வெட்டாமல் 9 ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுப்பார்கள். பாட்டில் வாயை அடைக்கும் பொருள் அது. கொஞ்ச ஈரத்துக்கெல்லாம் அசையாது. உள்ளே முழுக்கக் காற்றடைத்த நுண்ணறைகள் என்பதால் பின்னை உருவியதும் துளை தானே சுருங்கிக்கொள்ளும். பின் போர்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் விலை குறைந்த, சட்டம் போட்ட போர்டுகளில் கார்க் என்று இருப்பது துகள்களைப் பசை சேர்த்து அழுத்திய ஏடு. கனம் 2 அல்லது 3 மி.மீ. அதன் முதுகில் அட்டைப்பெட்டி செய்யும் நெளிவு அட்டை, அல்லது மரநாரைப் பசையோடு இறுக அழுத்திய மெல்லிய எம்.டி.எஃப். பலகை. கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து உப்புவது இந்த முதுகுதான். நாலு பக்கமும் சட்டம் இறுக்கிப் பிடித்திருப்பதால் உப்பியது நடுவில் புடைக்கிறது.

ஆகவே கடையில் போர்டை வாங்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் திருப்பிப் போட்டு முதுகைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் உள்ளே அட்டை. அடுத்து, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு புஷ் பின்னை ஓரமாகக் குத்திப் பாருங்கள். புஷ் பின்னின் ஊசி 10 மி.மீ. சொச்சம் இருக்கும், கழுத்து வரை இறங்க வேண்டும். கால்வாசியிலேயே ‘டொக்’ என்று நின்றால் பின்னால் எம்.டி.எஃப். இருக்கிறது. அதில் ஒற்றைத் தாள் நிற்கும், காலண்டர் நிற்காது. கடைசியாக, கார்க் பரப்பை உள்ளங்கையால் ஒரு முறை தேயுங்கள். துகள் கையோடு வந்தால் பசை காய்ந்துவிட்டது. அந்தப் போர்டு வீட்டுக்கு வந்தபின்னும் தரையில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த மூன்றிலும் தேறிய போர்டு 3×2 அடிக்குள் கிடைத்தால் வாங்கலாம், குறையில்லை. அதைவிடப் பெரியதாக வேண்டுமென்றால் ரெடிமேடு போர்டுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பதே எங்கள் முடிவு. பிளைவுட் கடைக்குப் போய் சாஃப்ட் போர்டு ஷீட் எடுத்து, துணி போர்த்திக்கொள்வதுதான் சரி.

சாஃப்ட் போர்டு

பள்ளிக்கூட அறிவிப்புப் பலகைகளில் பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது இதுதான். மரநாரை அடர்த்தியாக அழுத்தாமல் இளக்கமாகத் தட்டிச் செய்த பலகை. 12 மி.மீ. கனம், 8×4 அடி ஷீட். பின்னின் ஊசி முழுசாக உள்ளே போய் நிற்க 12 மி.மீ. கச்சிதமான கனம். ஊசி முதுகைத் துளைத்துச் சுவரில் முட்டாது.

ஒரு ஷீட்டில் 4×3 அடியில் இரண்டு வெட்டலாம், 4×2 அடித் துண்டு ஒன்று மிஞ்சும். 3×2 அடி போதுமென்றால் ஐந்து வரும். அக்கம்பக்கத்தில் இரண்டு வீடு சேர்ந்து வாங்கினால் செலவு பாதியாகும். கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குட்டி யானை பிடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வாடகைக்கு நல்ல துணியே வாங்கிவிடலாம். ரம்பம் வேண்டாம், ஓரம் பிய்ந்து நார் நாராகும். இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடு போட்ட கட்டரால் ஒரே கோட்டில் மூன்று நான்கு முறை மெதுவாகக் கீறினால் சுத்தமாக வரும்.

ஷீட்டை அடுக்கின் நடுவிலிருந்து எடுங்கள். கீழே இருப்பது தரை ஈரத்தைக் குடித்திருக்கும், மேலே இருப்பது மூலை உடைந்திருக்கும். நகத்தால் மூலையை அழுத்தும்போது ஊறின ரொட்டி மாதிரி அமுங்கினால் அந்த ஷீட் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாங்குவதையே தள்ளிப்போடுவது நல்லது. குடோனில் சுவரில் சாய்த்து வைத்த ஷீட் அந்த மாதங்களில் வில்லாக வளைந்திருக்கும். வளைந்தது நிமிராது.

வெட்டிய போர்டுக்குப் பின்னால் ரீப்பர் எனும் மெல்லிய மரப்பட்டையால் சட்டம் கட்டாயம். வெறும் சாஃப்ட் போர்டில் ஸ்டேப்பிள் நிற்காது, திருகு ஆணியும் நிற்காது. துணியை இழுத்துப் பிடிக்க மரம் வேண்டும். 4×3 அடிப் போர்டுக்குச் சுற்றிலும் 14 அடி, நடுவில் குறுக்காக ஒரு 3 அடி, ஆக 17 அடி ரீப்பர். அரை அங்குலம் கனமும் ஒன்றேகால் அங்குலம் அகலமும் போதும். ஃபெவிகால் தடவிப் போர்டின் முதுகில் ஒட்டி, மேலே கனமான எதையாவது வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அதன்பிறகு முதுகுக்கு ஒரு கை, வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கை மர பிரைமர் பூசுங்கள். ஈரத்தை அதிகம் குடிப்பது வெட்டிய ஓரம்தான். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும் என்று தச்சர்கள் சொல்வது சரியே. அந்த வளைவைத் தடுக்கத்தான் நடுக்குறுக்கு. அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி துணி. நெய்யாமல் நாரை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியை வாங்கச் சொல்வார்கள். தூசி பிடிக்கும், போர்டைக் கழற்றாமல் துவைக்க முடியாது, சாயமும் சீக்கிரம் வெளுக்கும். கடலூர் மாவட்டத்திலேயே குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிக்குப் பேர்போன ஊராக இருக்க, ஃபெல்ட்டை எதற்குத் தேட வேண்டும்? இறுக்கமாக நெய்த பருத்தித் துணியில் பின் இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். எடுத்தபின் விரலால் நீவினால் துளை மறையும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையை ஃபெல்ட்டைவிடக் கைத்தறி நன்றாகவே செய்கிறது. 4×3 அடிப் போர்டுக்குப் பக்கத்துக்கு 3 அங்குல மடிப்பு சேர்த்து 54×42 அங்குலத் துணி தேவை. 44 அங்குல அகலத் துணி என்றால் ஒன்றரை மீட்டர். கைலி என்றால் ஒன்று தாராளம். பெரிய கட்டம் போட்டது வேண்டாம், மேலே குத்தும் படங்களோடு சண்டை போடும். ஒரே நிறத்தில், நிழல் மாதிரி சின்னக் கட்டம் இருந்தால் அது நமக்கு லாபம்: ஸ்கேல் இல்லாமலே படங்களை நேராக வரிசைப்படுத்தலாம்.

புதுக் கைத்தறியில் கஞ்சி இருக்கும். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லா வேலையும் பாழ். கஞ்சி இராமபாணப் பூச்சிக்கு விருந்து, பூசணத்துக்கும் விருந்து. இரண்டு முறை வெந்நீரில் அலசி, வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, இஸ்திரி போட்டபின் போர்த்துங்கள். சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும், விட வேண்டிய சாயமும் போய்விடும். அதே காரணத்துக்காகத்தான் மைதாப் பசையும் கூடாது. போர்டின் முன்பக்கம் ஃபெவிகாலும் தடவ வேண்டாம். காய்ந்தால் ஓடு மாதிரி இறுகி, பின் இறங்காது. துணியைப் பிடிக்க ஸ்டேப்பிள் மட்டுமே.

8 மி.மீ. ஸ்டேப்பிள் போட்ட கன் போதும். மூலையிலிருந்து ஆரம்பிப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. துணி கோணலாக இழுபட்டுக் கட்டமெல்லாம் வளையும். மேல் ஓரத்தின் நடுவில் ஒன்று, நேர் எதிரே கீழ் நடுவில் ஒன்று, பிறகு இடம், வலம். நாலு நடுவும் பிடித்தபின் இரண்டு பக்கமும் மாறி மாறி மூன்று விரல் இடைவெளியில் மூலையை நோக்கி நகருங்கள். மூலையைக் கடைசியில் கட்டில் விரிப்பு மடிப்பதுபோல் மடித்து அடியுங்கள். அடித்து முடித்ததும் துணியைத் தட்டினால் பறை மாதிரி லேசாக அதிர வேண்டும். தொளதொளவென்றிருந்தால் நாலு காலண்டர் குத்தியதும் தொங்கும்.

எல்லாம் சேர்ந்து ஐந்தாறு கிலோ வரும். இந்தப் போர்டை நிழலான உள்சுவரில் மாட்டினால் பல மழைக்காலம் தாங்கும். இதன் ஒரே பெரிய எதிரி கரையான். மண்தரை ஒட்டிய வீடு, பழைய மரநிலை உள்ள வீடு என்றால் சாஃப்ட் போர்டை யோசிக்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

பாலியெஸ்டர் பேனல்

ஒலி எதிரொலிக்காமல் இருக்க ஸ்டுடியோக்களிலும் அலுவலகங்களிலும் ஒட்டும் பலகை இது. பாலியெஸ்டர் நாரைச் சூடாக்கி அழுத்தியது, 9 மி.மீ. கனம், இதுவும் 8×4 அடி. ஈரத்துக்கு உப்பாது, கரையான் தொடாது, பூசணத்துக்கு இதில் தின்ன ஒன்றுமில்லை, துணி போர்த்தவும் வேண்டாம். நிறமும் நிறைய உண்டு. கடலிலிருந்து நாலு தெருவுக்குள் இருக்கும் வீட்டுக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே. சாஃப்ட் போர்டைவிட விலை கூட. ஆனால் ரீப்பர், துணி, பிரைமர், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மிச்சம். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் சரக்கு அல்ல இது. உள் அலங்கார வேலைக்குப் பொருள் விற்பவர்களிடம் ‘அக்கூஸ்டிக் பேனல்’ என்று கேட்க வேண்டும்.

குறை ஒன்று. 9 மி.மீ. பேனலில் புஷ் பின் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். பலர் செய்வதுபோல் பேனலை நேரே சுவரில் ஒட்டிவிட்டால் ஊசி பூச்சில் முட்டி மழுங்கும், பின் அரைகுறையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு நாள் விழும், காலில் குத்தும். பின்னால் 6 மி.மீ. இடைவெளி விட்டு மாட்டுங்கள், அல்லது இரண்டு ஏடாக ஒட்டிக்கொள்ளுங்கள். நெருப்புக்கு இது உருகும் என்பதால் அடுப்பு மேடைக்கு மேலும் சாமி விளக்குக்குப் பக்கத்திலும் கூடாது.

அறுகோண வடிவில் முதுகில் ஸ்டிக்கரோடு வரும் சின்ன ஃபெல்ட் துண்டுகளும் பெரும்பாலும் இதே பாலியெஸ்டர்தான். பொருள் நல்லது, ஸ்டிக்கர் நம் சுவருக்கு ஆகாது. ஒரு பிளைவுட் துண்டில் ஒட்டி அதை மாட்டினால் அழகாகவே இருக்கும்.

தெர்மாகோல் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு தடவை குத்திய துளை அப்படியே நிற்கும், அடுத்த பின் அதில் ஆடும். கல்யாண வரவேற்பு மேடைக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

சுவர்

நல்ல போர்டும் கெட்ட சுவரில் ஒரு பருவமழைக்குத்தான். ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளேயே ஈரம். அங்கே எதையும் மாட்டாதீர்கள். அறைப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். போர்டுக்குப் பின்னால் காற்று ஓட இடம் விட்டால் சமாளிக்கலாம்.

குளியலறையோடு ஒட்டிய சுவர், மழை நேரே அடிக்கும் கிழக்கு, வடக்கு வெளிச்சுவர், ஜன்னலுக்குக் கீழே, இவை மூன்றும் விலக்கு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. அப்படிப்பட்ட நாட்களில் ஜன்னல் சந்து வழியாகவே தண்ணீர் உள்ளே வரும். இரண்டு அறைக்கு நடுவில் உள்ள தடுப்புச் சுவரே உத்தமம். மேற்கு வெயில் நேரே விழும் இடத்தில் பிரின்ட் எடுத்த படம் சில மாதத்தில் வெளுத்துவிடும்.

புதுச்சேரியின் ஒயிட் டவுனிலும் வைசியாள் வீதிப் பக்கத்திலும் உள்ள பழைய வீடுகளில் அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறும். பொதுவாக மூன்று அடி உயரம் வரை பெயின்ட் பொரிந்திருப்பதைப் பார்க்கலாம். போர்டின் கீழ் ஓரம் அதற்கு மேலே இருக்கட்டும். இந்தச் சுண்ணாம்புப் பூச்சு மெத்தென்று இருப்பதால் 6 மி.மீ. துளையும் 35 மி.மீ. திருகும் பிடிக்காது, பூச்சோடு கழன்று வரும். துளைக்குள் செருகித் திருகைப் பிடிக்கும் 8 மி.மீ. ராவல் பிளக்கும், பூச்சைத் தாண்டிச் செங்கல்லைப் பிடிக்கும் 50 மி.மீ. திருகும் வேண்டும். டிரில்லை முதலில் தட்டும் ஹேமர் விசை இல்லாமல் வெறுமனே சுழலவிட்டு, செங்கல்லைத் தொட்டபின் அந்த விசையைப் போடுங்கள். சிமென்ட் பூச்சு வீட்டில் 6 மி.மீ. பிளக் தாராளம்.

இருபக்க டேப்பை நம்பி மாட்ட நினைப்பவர்கள் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் எந்த டேப்பும் நிற்காது. டேப் சுவரைப் பிடிக்காது, அந்த மாவைத்தான் பிடிக்கும்.

ரீப்பர் சட்டம் நாலு பக்கமும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் உள்ளே காற்று அடைபட்டுப் பூசணம் அங்கேதான் தொடங்கும். முதுகின் நாலு மூலையிலும் 10 மி.மீ. கனமுள்ள ரப்பர் குமிழ் ஒட்டி விடுங்கள். நின்று பார்க்கும் போர்டின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்து அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். தையல் மெஷினுக்கோ படிப்பு மேசைக்கோ முன்னால் என்றால் கீழ் ஓரம் மேசையிலிருந்து ஒரு சாண் மேலே. குழந்தைகளுக்கான போர்டை அவர்கள் கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள், நம் கண்ணுக்கு அது தாழ்வாகத் தெரிந்தாலும்.

பின்னும் தாளும்

துருப்பொட்டுக்குக் காரணம் பின். சாதாரண புஷ் பின் முலாம் பூசிய இரும்பு. குத்தும்போது முலாம் உரசும், உப்புக்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பித்தளை டிராயிங் பின் என்று விற்பதிலும் பாதி இரும்புக்கு மஞ்சள் முலாம் போட்டதுதான். கடைக்கு ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள்; பித்தளை ஒட்டாது. அது கிடைக்காவிட்டால் இருக்கிற பின்னின் ஊசியில் நிறமற்ற நெயில் பாலிஷை ஒரு பூச்சு பூசிக் காயவிட்டுப் பயன்படுத்தலாம். ஒரு மழைக்காலம் தாங்கும்.

அதைவிட நல்ல வழி, படத்தையே குத்தாமல் இருப்பது. படத்தைக் கறுப்பு பைண்டர் கிளிப்பில் பிடித்து, கிளிப்பின் வளையத்தைப் பின்னில் மாட்டுங்கள். கனமானதை மாட்டும் பின்னை நேராகக் குத்தாமல் தலை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்துக் குத்தினால் எடை அதை உருவாமல் உள்ளே அழுத்தும். பழைய குடும்பப் புகைப்படத்தின் மூலப்பிரதியைப் போர்டில் வைக்காதீர்கள். நகல் எடுத்து வையுங்கள்.

செய்தித்தாள் துணுக்கு சில மாதத்தில் பழுப்பேறும்; அந்தத் தாளில் உள்ள மரக்கூழின் குணம் அது. நெடுநாள் இருக்க வேண்டிய குறிப்புகளுக்குப் புதுச்சேரி எஸ்.வி. படேல் சாலையில் 1959 முதல் இயங்கிவரும் அரவிந்தர் ஆசிரமக் கைவினைத்தாள் ஆலையின் தாளைச் சொல்லலாம். பருத்தியிலிருந்து செய்தது என்பதால் எளிதில் பழுப்பேறாது. மையை மிதக்கவிட்டு எடுக்கும் பளிங்குக் கோலத் தாள் ஒன்றைப் போர்டின் ஒரு மூலையில் பின்னணியாக விரித்தால் மற்ற படங்களுக்கே ஒரு களை வரும். மழைக்காலத்தில் ஓரம் சுருளும் என்பதால் நாலு மூலையிலும் பின் வேண்டும்.

4×3 அடியில் ஏ4 தாள் இடைவெளியே இல்லாமல் அடைத்தால் 16 வரும். பதினொன்றோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் அது அறிவிப்புப் பலகை ஆகிவிடும், கண் எதிலும் நிற்காது. முதலில் இருப்பதிலேயே பெரியதை நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளிக் குத்தி, மற்றவற்றை அதைச் சுற்றி வளர விடுங்கள். துணித் துண்டு, சரிகை, பெயின்ட் அட்டை போன்ற தொட்டுப் பார்க்க வேண்டியவை கை எட்டும் கீழ்ப்பாதியில். மாதம் ஒருமுறை எல்லாத் தாளையும் தூக்கிப் பின்னால் பாருங்கள். இராமபாணம் ஒளிவது அங்கேதான்.

வாடகை வீடா?

சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் எதையும் வாங்க வேண்டாம். இரும்பு பீரோவின் பக்கவாட்டுத் தகடு ஆறு அடி உயரத்துக்குச் சும்மாதான் நிற்கிறது. ஓதம் கிடையாது, கரையான் கிடையாது. காந்தம் மட்டும் வேண்டும். கட்டைவிரல் அகலக் கறுப்புக் காந்தம் இரண்டு மூன்று தாளைப் பிடிக்கும், அட்டைக்கு இன்னும் வலுவான நியோடிமியம் காந்தம். ஸ்டீல் தகடு வாங்கிப் புதிதாகச் செய்பவர்கள் இங்கேயும் காந்தத்தைக் கொண்டுபோக வேண்டும். பாத்திரக்கடை எவர்சில்வரில் உயர்ந்த ரகமான 304-ல் காந்தம் ஒட்டாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் ஒட்டும். அதன் வெட்டிய ஓரம் துருப்பிடிக்கும் என்பதால் ஓரத்தை மூடும் பீடிங் பட்டை மாட்டிவிடுங்கள். பீரோவில் ஒட்டும் காந்தத்தின் அடியில் வட்டமாக ஒரு துணித் துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நகர்த்தும்போது பெயின்ட் கீறும். கீறிய இடத்தில் அடுத்த மழைக்கே துரு வந்துவிடும்.